கோபுர முத்திரை மடிக்கணினி வைத்திருப்போருக்கு

அன்புள்ள தம்பி தங்கைகளே,

2011-க்குப் பிறகு தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பிளஸ் டூ முடித்தவர்கள் நீங்கள். மூடியில் அரசின் கோபுர முத்திரை பதித்த மடிக்கணினி ஒன்று உங்கள் கைக்கு வந்தது. இன்று அது எங்கே இருக்கிறது? பரணில் இருக்கலாம், பீரோவுக்கு மேலே இருக்கலாம், அதோடு வந்த பையிலேயே சுருட்டிய சார்ஜரோடு கட்டிலுக்கடியில் கிடக்கலாம். கேட்டால், "அது ஓடாதுண்ணே, ரொம்ப ஸ்லோ" என்கிறீர்கள். அது ஓடும். எப்படி ஓட வைப்பது என்று சொல்லவும், ஓட வைத்த பிறகு யாரிடம் கொடுக்க வேண்டும் என்று உங்களைக் கேட்டுக்கொள்ளவும்தான் இந்த மடல்.

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று, திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கி வைத்த திட்டம் அது. தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்ய, மடிக்கணினிகள் பள்ளி கல்லூரி வழியாக வந்து சேர்ந்தன. ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகள் மாணவர் கைக்குப் போயின. அதை 'இலவசம்' என்று இளக்காரமாகப் பேசியவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. பள்ளி ஆய்வகத்தில் வாரத்துக்கு ஒரு பீரியட், ஒரு கணினிக்கு மூன்று பேர் என்று எட்டி நின்று பார்த்த பிள்ளைகளின் வீட்டுக்குள்ளேயே ஒரு கணினி வந்து உட்கார்ந்தது. கல்லூரி அசைன்மென்ட்டை அதில்தான் அடித்தீர்கள். முதல் பயோடேட்டாவை அதில்தான் எழுதினீர்கள். வேலை கிடைத்து, சம்பளத்தில் புதிய மடிக்கணினி வாங்கிய நாளில் பழையது பரணுக்குப் போனது. அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அங்கேயே கிடந்து மட்கட்டும் என்று விடுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

முதலில், அது ஏன் மெதுவாகிப்போனது என்று பார்ப்போம். உள்ளே இருக்கும் செயலிக்கு வயதாகி அது மெதுவாக ஓடுவதில்லை. வாங்கிய நாளில் நொடிக்கு எத்தனை கணக்குப் போட்டதோ இன்றும் அத்தனை போடுகிறது. மாறியது நாம் அதன் தலையில் ஏற்றிய சுமை. தொடக்க காலக் கருவிகளில் 2 ஜிபி ராம் இருந்தது, பின்னால் வந்தவற்றில் 4 ஜிபி. விண்டோஸ் 7 ஓடும்வரை சமாளித்தது. அப்புறம் கடைக்காரர் விண்டோஸ் 10 ஏற்றிக் கொடுத்தார். அது திறந்து நிற்பதற்கே ராமில் பெரும்பங்கை எடுத்துக்கொண்டது. மேலே ஒரு பிரவுசரைத் திறந்தால் ராம் போதாமல், ராமில் இருக்க வேண்டியதை ஹார்ட் டிஸ்கில் எழுதி எழுதி எடுக்கத் தொடங்கியது.

கோளாறின் வேர் இந்த ஹார்ட் டிஸ்க்தான். அது நிமிடத்துக்கு 5400 சுற்று சுழலும் தகடு. தகட்டில் அங்கங்கே சிதறிக் கிடக்கும் சிறு சிறு கோப்புகளைத் தேடி அதன் முனை முன்னும் பின்னும் ஓட வேண்டும். அப்படி ஓடி நொடிக்கு நூறு இடத்தைத் தொட்டால் அதிகம். சுழலும் தகடே இல்லாத எஸ்எஸ்டி அதே நொடியில் ஆயிரக்கணக்கான இடங்களைத் தொட்டுவிடும். விண்டோஸ் 10 பின்னணியில் அப்டேட்டைத் தேடும், கோப்புகளை அட்டவணைப்படுத்தும், வைரஸ் இருக்கிறதா என்று துழாவும். எல்லாம் ஒரே தகட்டில், ஒரே நேரத்தில். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் டிஸ்க் 100 விழுக்காடு என்று சிவந்து நின்றது பலருக்கும் நினைவிருக்கும். மவுஸ் நகராமல் நீங்கள் காத்திருந்த நேரமெல்லாம் அந்த முனை ஓடிய நேரம்தான்.

இதோடு நாள் குறித்து வந்த ஒரு சிக்கலும் உண்டு. விண்டோஸ் 7-க்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-இல் நிறுத்தியது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-இல் நிறுத்தியது. பதிவு செய்துகொண்ட வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் வரை ஓராண்டு நீட்டிப்பு. விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால் அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாட்டைக் கேட்கிறது. இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலியைக் கேட்கிறது. உங்கள் பரணில் இருப்பது அந்தத் தேர்வில் தேறாது. நல்ல நிலையில் இருக்கும் விசைப்பலகை, திரை, செயலி எல்லாவற்றையும் ஒரு நிறுவனத்தின் நாட்காட்டி ஓய்வுபெறச் செய்கிறது. உலகம் முழுவதும் இப்படி 24 கோடி கணினிகள் குப்பைக்குப் போகும் நிலை வரலாம் என்று கேனலிஸ் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் 2023-இல் மதிப்பிட்டது. ஐநா அமைப்புகள் வெளியிட்ட 2024-ஆம் ஆண்டு மின்கழிவு அறிக்கையின்படி, 2022-இல் மட்டும் உலகில் சேர்ந்த மின்கழிவு 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சிக்குப் போனதாகக் கணக்கில் வந்தது கால் பங்குகூட இல்லை. ஒரு மடிக்கணினி தன் ஆயுள் முழுக்க உண்டாக்கும் கரியமில வாயுவில் பெரும்பகுதி, அதை நீங்கள் முதன்முதலில் ஆன் செய்வதற்கு முன்பே, தொழிற்சாலையிலேயே வெளியாகிவிடுகிறது. அதனால் இருப்பதை இன்னும் ஐந்து ஆண்டு ஓட்டுவதைப் போன்ற சிக்கனம் வேறில்லை.

விண்டோஸுக்கு மாற்றாக லினக்ஸ் என்ற இயங்குதளம் இங்கேதான் வருகிறது. உங்களில் பலருக்கு அது புதிதும் அல்ல. அந்தக் கருவியை முதன்முதலில் திறந்தபோது விண்டோஸா, பாஸ் லினக்ஸா என்று கேட்டுக் கறுப்புத் திரையில் ஒரு பட்டியல் வந்ததே, நினைவிருக்கிறதா? பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கமே பாஸ். அதை உருவாக்கியது ஒன்றிய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம். டெபியன் லினக்ஸை அடித்தளமாக வைத்து, இந்திய மொழிகளுக்கு இடம் கொடுத்துச் செய்தது. மடிக்கணினித் திட்டத்துக்கும் முன்பே, உமாசங்கர் ஐ.ஏ.எஸ். எல்காட்டின் மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்தில், அந்த நிறுவனம் தன் அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டியது. 2014-இல் விண்டோஸ் எக்ஸ்பி-க்கான ஆதரவு முடிந்தபோது, அரசுத் துறைகள் பாஸ் லினக்ஸுக்கு மாறலாம் என்று தமிழ்நாடு அரசே சொன்னது. விதை நல்ல விதைதான்.

ஆனால் யாரும் அதைச் சொல்லித்தரவில்லை. பள்ளியில் மடிக்கணினி கொடுத்த நாளில் கையெழுத்து வாங்கினார்கள், படம் எடுத்தார்கள், அனுப்பி வைத்தார்கள். தொடக்கத் திரையில் வரும் அந்த பாஸ் லினக்ஸ் வரி எதற்கு என்று கேட்டால் ஆசிரியருக்கே தெரியாது. அடுத்த வாரமே ஊர் மொபைல் கடையில் கொடுத்து, 'அந்த பாஸை எடுத்துட்டு ஃபுல்லா விண்டோஸ் போட்டுக் கொடுங்க' என்றோம். கடையில் இருந்ததோ சாவி உடைத்த திருட்டு விண்டோஸ். அப்டேட்டை முடக்கி வைத்தால்தான் அது குட்டு வெளிப்படாமல் ஓடும். அப்டேட் முடக்கிய கணினியில் வங்கிக் கணக்கைத் திறந்தார்கள், கல்விக்கடன் விண்ணப்பம் போட்டார்கள். பிரவுசிங் சென்டரில் பென் டிரைவைச் செருகிவிட்டு வந்தால் ஷார்ட்கட் வைரஸ் கூடவே வந்தது. பக்கத்துக் கேரளத்தில் அரசுப் பள்ளிக் கணினிகள் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக லினக்ஸில் ஓடுகின்றன. அங்கே ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், பாடத்தையும் தேர்வையும் அதை வைத்தே அமைத்தார்கள். கருவி கொடுப்பதில் நாம் முந்தினோம், பழக்குவதில் பிந்திவிட்டோம்.

இனி வேலைக்கு வருகிறேன். பரணிலிருந்து இறக்கியதும் ஆன் செய்துவிடாதீர்கள். முதலில் அடிப்பக்கம் பாருங்கள். பேட்டரி உப்பியிருக்கிறதா? டச்பேடு மேலே தள்ளிக்கொண்டிருந்தாலோ, அடிமூடி சமமாக உட்காராமல் ஆடினாலோ பேட்டரி ஊதியிருக்கிறது என்று பொருள். பழைய வகைகளில் அடியில் இருக்கும் இரண்டு தாழ்களைத் தள்ளினால் பேட்டரி கையோடு வந்துவிடும். உள்ளே பொருத்திய வகை என்றால் கடையில் எடுக்கச் சொல்லுங்கள். ஊதிய பேட்டரியைக் குத்தக் கூடாது, அமுக்கக் கூடாது, வீட்டுக் குப்பையில் போடக் கூடாது. மின்கழிவு வாங்குமிடத்தில் கொடுங்கள். பேட்டரி இல்லாமலே சார்ஜரில் பெரும்பாலான கருவிகள் ஓடும், கவலை வேண்டாம்.

ஆன் செய்ததும் தேதியைப் பாருங்கள். பல ஆண்டு பின்னால் போயிருந்தால், மதர்போர்டில் இருக்கும் வட்டப் பொத்தான் செல் தீர்ந்துவிட்டது. இந்தச் சின்ன விஷயத்துக்காக நல்ல கணினியைத் தூக்கிப்போட்டவர்களை எனக்குத் தெரியும். தேதி தவறாக இருந்தால் எந்த வலைத்தளத்தைத் திறந்தாலும் 'பாதுகாப்பில்லாத இணைப்பு' என்று பிரவுசர் மறுக்கும். இன்டர்நெட் வேலை செய்யவில்லை, கணினி போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் சிஆர்2032 என்ற அந்தச் செல், கைக்கடிகாரம் பழுது பார்க்கும் கடையிலேயே கிடைக்கும்.

அடுத்தது உங்கள் படங்கள். கல்லூரிச் சுற்றுலா, தங்கையின் மஞ்சள் நீராட்டு விழா, இப்போது இல்லாத தாத்தா சிரிக்கும் ஒரே படம், எல்லாம் அந்த டிஸ்கில் இருக்கக்கூடும். விண்டோஸ் திறக்கவில்லை என்பதற்காக அவை அழிந்துபோகவில்லை. லினக்ஸை பென் டிரைவில் எழுதி அதிலிருந்தே கணினியைத் திறக்கலாம். டிஸ்கில் எதையும் நிறுவாமல், எதையும் மாற்றாமல், லினக்ஸ் முழுவதும் திரைக்கு வந்துவிடும். இதை லைவ் என்பார்கள். அங்கிருந்து உங்கள் பழைய டிஸ்க்கைத் திறந்து, படங்களை வேறொரு வெளி டிஸ்க்குக்கு இழுத்துப் போட்டுவிடலாம். அப்படி மீட்ட படங்களைப் பார்த்ததும் மடிக்கணினியையே மறந்துவிட்டு ஒரு மணி நேரம் படம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்த குடும்பங்கள் உண்டு. இதைச் செய்து முடிக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். நிறுவும்போது 'டிஸ்க் முழுவதையும் அழி' என்பதை அழுத்திவிட்டால் திரும்பப் பெறுவது மிகக் கடினம்.

அந்த பென் டிரைவைச் செய்வது எளிது. 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று, ஓடுகிற கணினி ஒன்று போதும். லினக்ஸின் நிறுவல் கோப்பான ஐஎஸ்ஓ 3 ஜிபி அளவில் வரும். நாளுக்கு ஒன்றரை ஜிபி தரும் மொபைல் திட்டத்தில் அது ஒரே நாளில் இறங்காது. நண்பர் வீட்டு ஃபைபர் இணைப்பிலோ அலுவலகத்தில் கேட்டுக்கொண்டோ இறக்குங்கள். விண்டோஸில் ரூஃபஸ் என்ற சிறு மென்பொருள் ஐஎஸ்ஓவை பென் டிரைவில் எழுதிக் கொடுக்கும். எழுதும்போது பென் டிரைவில் ஏற்கெனவே இருப்பது அழிந்துவிடும். பிறகு அதைப் பழைய மடிக்கணினியில் செருகி, ஆன் செய்த கணமே லெனோவோவிலும் ஏசரிலும் எஃப்12 விசையையும், எச்பியில் எஃப்9 விசையையும் தட்டிக்கொண்டே இருங்கள். எதிலிருந்து தொடங்கட்டும் என்று கேட்கும், பென் டிரைவைக் காட்டுங்கள். சில ஏசர் கருவிகளில் எஃப்12 வேலை செய்யாது. எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் போய் முதலில் அதை இயக்க வேண்டும். பென் டிரைவிலிருந்து ஓடும்போது எல்லாம் கொஞ்சம் இழுக்கும். அதை வைத்து லினக்ஸை எடைபோடாதீர்கள். நீங்கள் பார்க்க வேண்டியது வேறு: வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, கேமரா தெரிகிறதா, திரை வெளிச்சம் கூடிக் குறைகிறதா. இவை லைவிலேயே வேலை செய்தால் நிறுவிய பிறகும் வேலை செய்யும்.

வைஃபை பிடிக்கவில்லை என்றால் பெரும்பாலும் அது பிராட்காம் சிப்பாக இருக்கும். அதற்கான டிரைவரை இணையத்திலிருந்து எடுக்க வேண்டும், இணையத்துக்கோ வைஃபை வேண்டும். இந்த இடத்தில் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். உங்கள் ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து, செட்டிங்ஸில் யூஎஸ்பி டெதரிங் என்பதைப் போடுங்கள். லினக்ஸ் அதைக் கம்பி இணைப்பாக உடனே எடுத்துக்கொள்ளும். பிறகு, அடுத்து நான் சொல்லப்போகும் லினக்ஸ் மின்ட்டில் டிரைவர் மேனேஜரைத் திறந்தால் அதுவே தேடிக் கொடுக்கும்.

எந்த லினக்ஸ் என்று கேட்பீர்கள். நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, அந்தக் காட்டுக்குள் போக வேண்டாம். 4 ஜிபி ராம் இருந்தால் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. தொடக்க மெனு இடது கீழ் மூலையில், கோப்புகள், குறுக்குவழிகள் எல்லாம் விண்டோஸ் 7 பழகியவர் கைக்கு அடங்கும் வகையில் இருக்கும். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை திருத்தங்கள் வரும். 2 ஜிபி என்றால் லுபுன்டு அல்லது எம்எக்ஸ் லினக்ஸ். அதற்கும் கீழே, அரை ஜிபி, ஒரு ஜிபி என்று இருக்கும் பழங்கருவிகளுக்கு ஆன்டிஎக்ஸ். அதன் முகம் அவ்வளவு அழகில்லை, ஆனால் மற்றவை கைவிட்ட கணினியில் அது ஓடும். உள்ளே 32 பிட் விண்டோஸ் இருந்ததால் கருவியே 32 பிட் என்று நினைத்துவிடாதீர்கள், அந்தக் காலச் செயலிகளில் பெரும்பாலானவை 64 பிட்தான்.

ஆனால் ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். லினக்ஸ் போட்டால் ராக்கெட் வேகம் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். இயங்குதளம் இளைத்துவிடும், இணையம் இளைக்காது. மின்ட் திறந்து நிற்க ஒரு ஜிபிக்கும் குறைவாக எடுத்துக்கொண்டாலும், இன்றைய பிரவுசரில் நாலு தாவல் திறந்தால் அவையே ஒரு ஜிபிக்கு மேல் விழுங்கும். 2 ஜிபி கருவியில் ஒரு நேரத்தில் இரண்டு மூன்று தாவலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பைச் சேர்த்தால் பாதி மூச்சு திரும்பும். இசட்ராம் என்ற வசதியை இயக்கினால் ராமில் இருப்பதையே சுருக்கி வைத்து ஹார்ட் டிஸ்க்குக்குப் போகாமல் சமாளிக்கும்.

கையில் கொஞ்சம் பணம் இருந்தால் அதை எஸ்எஸ்டி-யில் போடுங்கள். இரண்டரை அங்குல சாட்டா வகை, 240 ஜிபி தாராளம். அடிமூடியின் ஸ்குரூவைக் கழற்றி, பழைய டிஸ்க்கை உருவி, அதே இடத்தில் இதைச் செருகினால் முடிந்தது. பணம் மிச்சம் இருந்தால் ராம். 2011-ஐ ஒட்டி வந்தவற்றில் டிடிஆர்3 இருக்கும், பின்னால் வந்தவற்றில் டிடிஆர்4 இருக்கலாம். ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது, எனவே பழையதைக் கழற்றிக் கையோடு எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். சென்னை ரிச்சி தெருவில் டிடிஆர்3 செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கும். எஸ்எஸ்டி மட்டும் மாற்றிய 4 ஜிபி மடிக்கணினியில் மின்ட் திறக்கும் வேகத்தைப் பார்த்து, 'இது அதே லேப்டாப்பா?' என்று கேட்காதவர் இல்லை.

யாருக்கு இது ஒத்துவராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடையில் டேலி ஓட்டுபவர்கள், டிஜிட்டல் கையொப்ப டோக்கன் செருகிக் கணக்குத் தாக்கல் செய்பவர்கள், ஃபோட்டோஷாப்பையும் கோரல் டிராவையும் நம்பிப் பிழைக்கும் அச்சக, ஸ்டூடியோ நண்பர்கள் விண்டோஸிலேயே இருங்கள். படிப்பு, எழுத்து, காணொளி, விண்ணப்பம், நிரல் பழகுதல் என்று பார்த்தால் லினக்ஸில் குறைவதற்கு ஒன்றுமில்லை.

தமிழ் எப்படி என்று கேட்பவர்களுக்கு: விண்டோஸில் அழகி, என்எச்எம் ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருள்களில் பழகியவர்கள் ஐபஸ் என்பதோடு எம்17என் தொகுப்பைச் சேர்த்துக்கொண்டால் தமிழ்99, ஒலியியல், பழைய தட்டச்சு என மூன்று விசைப்பலகையும் கிடைக்கும். லிப்ரேஆபீஸ் என்ற அலுவலக மென்பொருளின் மெனுக்களைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். அவற்றைத் தமிழாக்கியவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். இரவு விழித்துச் செய்த வேலை அது. பாமினி, வானவில் எழுத்துருக்களில் அடித்த பழைய கோப்புகள் மட்டும், அந்த எழுத்துரு இல்லாவிட்டால், புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். அவற்றை யூனிகோடுக்கு மாற்றிக்கொள்வதே நல்லது. இப்போதே மாற்றினால் இன்னும் பல ஆண்டுகளுக்குப் படிக்கலாம்.

தனியாகச் செய்யத் தயக்கமா? சென்னையில் ஐலக் எனப்படும் லினக்ஸ் பயனர் குழு 1998-லிருந்து இருக்கிறது. விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு கிராமத்து மாணவர்களுக்குக் கட்டணமில்லாமல் பயிற்சி கொடுக்கிறது. கணியம் மின்னிதழ் 2012 முதல் இதையெல்லாம் தமிழிலேயே எழுதி வருகிறது. கேட்டால் வந்து உட்கார்ந்து செய்து கொடுக்கும் மனிதர்கள் இவர்கள்.

இனி நான் கேட்க வந்தது. அந்த மடிக்கணினி சரியானதும் அதை மறுபடி பீரோவில் வைக்காதீர்கள். உங்கள் தெருவில், உங்கள் ஒன்றுவிட்ட சித்தி வீட்டில், அம்மா வேலை பார்க்கும் இடத்தில், எட்டாவதோ பதினொன்றாவதோ படிக்கும் பிள்ளை ஒன்று இருக்கும். அப்பாவின் போன்தான் அதற்குக் கணினி. அப்பா வேலைக்குப் போனால் போனும் போய்விடும். போனில் காணொளி பார்க்கலாம், பக்கத்தை உருட்டலாம். பத்துப் பக்கக் கட்டுரையை எழுதித் திருத்த முடியாது, நிரல் எழுதிப் பிழை கண்டுபிடிக்க முடியாது. எழுதுவதற்கும் உண்டாக்குவதற்கும் விசைப்பலகை வேண்டும். நம் பிளஸ் ஒன் கணினிப் பாடநூலில் விண்டோஸோடு உபுன்டுவும் இருக்கிறது, பிளஸ் டூவில் பைத்தானும் மைஎஸ்க்யூஎல்லும் இருக்கின்றன. லினக்ஸ் போட்ட பழைய மடிக்கணினி ஒன்றிருந்தால், விண்டோஸ் பகுதி தவிர அந்தப் பாடங்களை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். உங்களுக்கு அது முதல் கணினியாக இருந்தது போல, அந்தப் பிள்ளைக்கும் அதுவே முதல் கணினி.

கொடுக்கும் முன் சில வேலைகள் இருக்கின்றன. உங்கள் கணக்குகள், சேமித்த கடவுச்சொற்கள் எதுவும் இல்லாமல் புதிதாக நிறுவி, அந்தப் பிள்ளையின் பெயரிலேயே பயனர் கணக்கு தொடங்குங்கள். சிறு குழந்தை என்றால் ஜிகாம்பிரி, டக்ஸ் பெயின்ட் என்ற மென்பொருள்களைப் போடுங்கள், பெரிய பிள்ளை என்றால் தானி என்ற எளிய பைத்தான் மென்பொருளைப் போடுங்கள். அந்த வகுப்பின் பாடநூல்களை பிடிஎஃப்பாக இறக்கி வையுங்கள். ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தொகுப்பிலிருந்து சில கதை நூல்களையும் சேர்த்து வையுங்கள், வீட்டில் இணையம் இல்லாத நாளிலும் திறந்தால் ஏதாவது இருக்க வேண்டும். கொடுத்துவிட்டு உடனே கிளம்பிவிடாதீர்கள். நமக்குச் சொல்லித்தர ஆள் இல்லாமல்தான் அந்த பாஸ் லினக்ஸ் வீணானது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட உட்கார்ந்து, கோப்பை எங்கே சேமிப்பது, அப்டேட்டை எப்படிப் போடுவது, தமிழில் எப்படி அடிப்பது என்று காட்டுங்கள். மாட்டிக்கொண்டால் கூப்பிடு என்று உங்கள் எண்ணை எழுதிக் கொடுங்கள். முதல் மாதம் நிறையக் கூப்பிடுவார்கள், சலித்துக்கொள்ளாமல் எடுங்கள்.

பேட்டரி இல்லாமல் கொடுப்பதாக இருந்தால், சார்ஜரைப் பிடுங்கும் முன் ஷட் டவுன் செய்ய வேண்டும் என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்